உடன்பிறந்த நகரும் கல்லிற் பொறித்த சொல்லும்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

முன்வரிசையில் அமர்ந்து, விடைத்தாள் திருத்துவார் போல் என்னை நோக்கிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களே!

இற்றைப் பேச்சுக்கு வித்திட்டவள் என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி. நாளிதழொன்றில் 'சகோதரி நகரம்' என்னும் சொல் வந்திருந்தது. அதனை 'உடன்பிறப்பு நகர்' எனத் தமிழாக்கிக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். அவள் எழுந்து நின்றாள். "ஐயா, அப்படியென்றால் எந்த ஊர் அக்காள்? எந்த ஊர் தங்கை?" என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அவ்வினா வீடுவரை என்னுடன் நடந்துவந்தது. மூத்தவள், இளையவள் என்னும் குறிப்பின்றி உடன்பிறந்தவளை அழைக்கத் தமிழில் வழியில்லை. அக்கை என்போம், தங்கை என்போம். 'உடன்பிறந்தாள்' என்பது ஏட்டுக்கும் ஆவணத்துக்கும் உதவும். அடுப்படியில் நின்று எவரும் அவ்வாறு கூப்பிடுவதில்லை.

பிறமொழியாளர் என் செய்தனர் என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்கர் உடன்பிறந்தாள் என்றனர். ஆங்கிலேயர் இரட்டைப்பிள்ளை நகர் என்றனர். உருசியர் சொல்லுக்குச் சூளுரைத்து உடன்பிறந்தாரானவர் என்று பொருள். செருமானியர் சொல்லை அப்படியே பெயர்த்தால் 'பங்காளி நகர்' என்றாகிவிடும். பங்காளி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவன வரப்புச் சண்டையும் வழக்குமன்றமுமே! சப்பானியர்க்கு நம்மைப் போன்றே சிக்கல். அவர்கள் தமக்கைக்கு ஓர் எழுத்தும் தங்கைக்கு ஓர் எழுத்தும் அடுத்தடுத்து இட்டு, 'தமக்கை தங்கை நகர்' என்று எழுதுகின்றனர். 1973இல் சப்பானின் கோபே நகரும் சீனத்தின் தியான்சின் நகரும் உறவு பூண்டபோது, அக்காள் யார் தங்கை யார் என்னும் வழக்கே வேண்டாமெனச் சீனர் 'நட்பு நகர்' என்று வைத்துக்கொண்டனர். என் மாணவி கேட்ட வினாவைச் சீன அரசும் கேட்டிருக்கிறது என்று மறுநாள் வகுப்பிற் சொன்னேன். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சொல் இருக்கட்டும், செய்திக்கு வருவோம். இவ்வுறவு போர் நெருப்பிற் பிறந்தது. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்தின் கோவென்றி நகர் செருமானியக் குண்டுகளால் நொறுங்கிற்று. அதன்பின் உருசியாவின் இசுத்தாலின்கிராது தெருத்தெருவாக நின்று பொருதது. கோவென்றிப் பெண்டிர் 830 பேர் ஒரு மேசைவிரிப்பில் தத்தம் பெயரை நூலால் தைத்து அந்நகருக்கு விடுத்தனர். 1944இல் அவ்விரு நகர்களும் உறவு பூண்டன. அந்த இசுத்தாலின்கிராதே இன்று வோல்கோகிராது என்னும் பெயரோடு நம் சென்னைக்கும் உடன்பிறப்பு நகராக விளங்குகிறது. அமெரிக்காவில் இவ்வியக்கம் தழைத்தது, 1956இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஓவர் மக்களோடு மக்கள் உறவாடும் திட்டத்தைத் தொடங்கிய பின்னரே.

நான் இன்று விரித்துப் பேச வந்தது கடற்கரை நகரொன்றைப் பற்றி. அமெரிக்காவின் மேலைக் கடலோரத்துச் சான்பிரான்சிசுகோ அது. அதற்கு உடன்பிறப்பு நகர்கள் பதினைந்துக்கும் மேல். மணிலா 1961இல் வந்தது. சியோல் 1976இல் வந்தது. சாங்காய் 1980ஐ ஒட்டி வந்தது. நம் அண்டையிலுள்ள பெங்களூரு 2008இல் வந்தது. தைப்பேயும் உண்டு. சீனமும் தைவானும் முகங்கொடுத்துப் பேசாவிடினும், சாங்காயும் தைப்பேயும் அவ்வீட்டில் ஒரே பந்தியில் அமர்கின்றன! இவர்கள் அனைவர்க்கும் மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவளே சப்பானின் துறைமுக நகராகிய ஒசாகா. உறவு பூண்ட ஆண்டு 1957.

அந்த 1957க்கு முன்னே இருந்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1906 ஏப்பிரல் 18ஆம் நாள் சான்பிரான்சிசுகோவை நிலநடுக்கமும் தீயும் அழித்தன. வெளிநாடுகளுள் மிகுதியாகப் பொருளுதவி செய்தது சப்பான். அதே ஆண்டு அத்தோபர் 11ஆம் நாள், அந்நகரத்தின் கல்விக்குழு சப்பானியக் குழந்தைகளை வெள்ளையர் பள்ளிகளிலிருந்து விலக்கிக் கீழை நாட்டார்க்கென்று வைத்திருந்த தனிப்பள்ளிக்குப் போகுமாறு ஆணையிட்டது. எத்தனை குழந்தைகள்? 93 பேர். அவ்வளவு பெரிய நகருக்கு 93 பிள்ளைகள் ஒரு பொறையா? ஆசிரியனாக இருந்து இதைப் படித்தபோது எனக்கு ஆறவில்லை. 1942இல் இன்னும் கொடிதாயிற்று. சப்பானிய வழியினர் ஏறத்தாழ 1,20,000 பேர், அவர்களுள் பெரும்பாலார் அமெரிக்கக் குடிமக்களாகவே இருந்தும், வீடும் கடையும் விட்டு முள்வேலி முகாம்களுக்கு ஓட்டப்பட்டனர். சான்பிரான்சிசுகோவின் சப்பானியத் தெருக்கள் வெறிச்சோடின. 1945 மார்ச்சு 13ஆம் நாள் இரவு அமெரிக்க வானூர்திகள் ஒசாகாவின்மேல் எரிகுண்டுகளைப் பொழிந்தன. அவ்வொரு தாக்குதலில் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர்.

பன்னிரண்டே ஆண்டுகள் கழித்து இவ்விரு நகர்களும் உடன்பிறந்தாராயின. இதனை எளிதாக எண்ணிவிடாதீர்கள். எரித்தவன் நாட்டை எரிந்த ஊர் தழுவிக்கொண்டது. ஓட்டியவன் ஊரை ஓட்டப்பட்டவனின் இனத்தார் மன்னித்தனர். 1960இல் ஒசாகா ஒரு கல்லை அனுப்பிற்று. சப்பானிய மாலுமிகள் நடத்திய கன்ரின் மாரு என்னும் கப்பல் 1860இல் அமைதிப் பெருங்கடலைக் கடந்து சான்பிரான்சிசுகோ சேர்ந்ததன் நூறாம் ஆண்டு நினைவாக அக்கல் இலிங்கன் பூங்காவில் கடலை நோக்கி நடப்பட்டது.

அடுத்து நடந்தது கதை போன்றிருக்கும், ஆனால் மெய். 1962இல் ஒசாகாவிற் பிறந்த ஓரியே கெனிச்சி என்னும் இளைஞர், வயது 23, பத்தொன்பது அடிப் பாய்மரப் படகொன்றில் தன்னந்தனியராகப் புறப்பட்டார். கையில் கடவுச்சீட்டு இல்லை. 94 நாள் கடலில் கிடந்து ஆகத்து 12ஆம் நாள் சான்பிரான்சிசுகோ சேர்ந்தார். சட்டப்படி சிறையில் வைத்திருக்கலாம். நகரத்தலைவர் சியார்சு கிரித்தோபர் என் செய்தார்? நகரத்தின் திறவுகோலை அவர் கையில் அளித்தார். முப்பது நாள் தங்க இசைவும் கிடைத்தது. அக்காள் மகன் சொல்லாமற் கொள்ளாமல் வந்து திண்ணையில் நின்றால், "ஏன் வந்தாய்?" என்றா கேட்போம்? "கை கால் கழுவு, சாப்பிடலாம்" என்போம். அத்தகைய வரவேற்பு அது.

இத்துணை வலிய உறவு 2018இல் அறுந்தது. குண்டு அறுக்கவில்லை, வணிகம் அறுக்கவில்லை. ஒரு கல்லில் வெட்டிய சொற்கள் அறுத்தன.

சப்பானியப் பேரரசுப் படை 1930களிலும் 1940களிலும் தான் புகுந்த நாடுகளிலெல்லாம் படைவீரர்க்கென்று பரத்தமை நிலையங்களை வைத்திருந்தது. கொரியா, சீனம், பிலிப்பீன், இந்தோனேசியா முதலிய நாடுகளின் பெண்களை, வேலை தருவதாக ஏமாற்றியும் வலிந்து பற்றியும் அவற்றில் அடைத்தது. அவர்களுட் பலர் பதின்பருவச் சிறுமியர். தொகை எத்துணை என்பதில் ஆய்வாளர் ஒன்றுபடவில்லை. 20,000 என்பாரும் உளர், 2,00,000க்கு மேல் என்பாரும் உளர். போர் முடிவில் ஆவணங்கள் பல எரிக்கப்பட்டமையால் எண்ணிக் காட்ட இயலாதாயிற்று. ஏறத்தாழ அரை நூற்றாண்டு பெரும்பாலார் வாய்திறக்கவில்லை. 1991 ஆகத்து 14ஆம் நாள் கொரியாவில் கிம் ஆக்சூன் என்னும் மூதாட்டி, தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல், தமக்கு நேர்ந்ததை உலகறியச் சொன்னார். அவருக்குப்பின் ஒருவர் பின்னொருவராகப் பல நாட்டு மூதாட்டியர் எழுந்தனர். 1993இல் சப்பானிய அரசின் சார்பில் கோனோ யோகெய் படையின் தொடர்பை ஒப்பி, பலர் தம் விருப்பத்திற்கு மாறாகக் கொண்டுவரப்பட்டனர் என்றும் ஏற்று, மன்னிப்பும் வேண்டினார்.

அங்கேயே முடிந்திருக்கலாம்; முடியவில்லை. 2013 மே திங்களில் ஒசாகாவின் நகரத்தலைவர் ஆசிமோத்தோ தோரு, அக்காலப் படைக்கு அவ்வேற்பாடு தேவையாயிருந்தது என்னும் கருத்துப்படப் பேசினார். உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அடுத்த திங்கள் அவர் மேற்கொள்ளவிருந்த அமெரிக்கச் செலவு, சான்பிரான்சிசுகோவும் அதில் அடக்கம், கைவிடப்பட்டது. 2015 செப்தம்பர் 22ஆம் நாள் சான்பிரான்சிசுகோ நகரவை, அப்பெண்களுக்கு ஒரு நினைவுச்சிலை எழவேண்டுமென ஒருமனதாக முடிவெடுத்தது. அந்நகரில் ஐவருள் ஒருவர் சீன வழியினர் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். பொதுமக்கள் திரட்டிய பொருளால் 2017இல் அதே செப்தம்பர் 22ஆம் நாள் சிலை திறக்கப்பட்டது.

அச்சிலையைச் சற்று விளக்க வேண்டும். இசுடீவன் ஒயிட்டு என்னும் சிற்பி வடித்த வெண்கலச் சிலை அது. மேலே மூன்று சிறுமியர் முதுகோடு முதுகு சேர்த்து, கைகோத்து வட்டமாக நிற்கின்றனர். ஒருத்தி கொரியப் பெண். ஒருத்தி சீனப் பெண். ஒருத்தி பிலிப்பீன் பெண். கீழே தரையில் நின்று அவர்களை அண்ணாந்து பார்க்கிறார் ஒரு மூதாட்டி; அவர்தாம் கிம் ஆக்சூன். இதில் நான் கண்டு திடுக்குற்ற பொருத்தம் ஒன்றுண்டு. சியோல், சாங்காய், மணிலா ஆகிய மூன்றும் சான்பிரான்சிசுகோவின் உடன்பிறப்பு நகர்கள். ஒசாகாவும் உடன்பிறப்பு நகர். நான்கு உடன்பிறந்தாருள் ஒருத்தி வீட்டு ஆடவர் மற்ற மூவர் வீட்டுப் பெண்களையும் சிறைபிடித்திருக்கின்றனர். நடுவில் இருப்பவள் யார் பக்கம் பேசுவாள்? பேசாமலிருந்தால் எல்லார்க்கும் உடன்பிறந்தாள். பேசினால் ஒருத்தி கோலத்தை அழித்துக்கொண்டு போய்விடுவாள். ஊர் உறவுகளில் நாம் பாராததா இது?

அந்நகருக்கு இதில் இன்னொரு கடனும் உண்டு. 1951 செப்தம்பர் 8ஆம் நாள் சப்பானுடன் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது அந்நகரில்தான். அந்த மேடைக்குக் கொரியாவும் அழைக்கப்படவில்லை, சீனமும் அழைக்கப்படவில்லை.

ஒசாகாவின் புதிய தலைவர் யோசிமுரா இரோபுமி மடல்மேல் மடல் விடுத்தார். அவர் சொன்னதை அவர் பக்கம் நின்றும் கேட்க வேண்டும். கேளாமல் தீர்ப்புரைப்பது தமிழாசிரியனுக்கு அழகன்று. சிலையினும் அவர்க்கு உறுத்தியது கல்வெட்டே. அது அப்பெண்கள் நூறாயிரக்கணக்கானோர் என்றும், பாலடிமைகளாக வைக்கப்பட்டனர் என்றும், அவர்களுட் பெரும்பாலார் சிறையிலேயே மாண்டனர் என்றும் கூறுகிறது. ஆய்வாளர் ஒன்றுபடாத செய்திகளை முடிந்த முடிபாகக் கல்லில் வெட்டலாமா என்றார். போர்க்காலத்தே பெண்டிர்க்குக் கொடுமை இழைத்தது சப்பானியப் படை ஒன்றுதானா என்றும் கேட்டார். இரண்டாம் வினாவில் உண்மை உண்டு. படை புகுந்த ஊரெல்லாம் பெண் அழுதிருக்கிறாள். ஆயின் பிறரும் செய்தனர் என்பது, செய்தவன் தன் குற்றத்தைக் கல்லில் எழுதாதே என்று கேட்பதற்கு வழியாகாது. தொகையைப் பற்றிய வழக்கு வழக்காகவே இருக்கட்டும். கொரியாவிலிருந்து ஒரே ஒரு சிறுமி கொண்டுபோகப்பட்டிருந்தாலும் அக்கல்லுக்கு இடம் உண்டு என்பது என் கருத்து.

2017 நவம்பரில் நகரத்தலைவர் எட்வின் இலீ சிலையை நகரத்தின் உடைமையாக ஏற்றுக் கையெழுத்திட்டார். சீன வழியினரான அவர் அடுத்த திங்களே காலமானார். 2018 அத்தோபரில் ஒசாகா, அறுபதாண்டைக் கடந்த உறவை முறித்து மடல் விடுத்தது. அப்போதைய நகரத்தலைவர் இலண்டன் பிரீடு (ஊர்ப் பெயரன்று, அம்மையாரின் பெயரே அது) விடுத்த மறுமொழி சுருக்கமானது: இரு நகர மக்களுக்கிடையே வளர்ந்த உறவைத் தலைவர் ஒருவர் தனித்து அறுத்துவிட இயலாது என்பது அதன் சாரம். அதே ஆண்டு ஏப்பிரலில் மணிலாவின் கடற்கரைச் சாலையில் நின்ற இத்தகைய சிலையொன்று ஓர் இரவில் பெயர்த்தெடுக்கப்பட்டது. வடிகால் பணிக்காக என்றனர். சப்பான் முன்னரே அச்சிலை குறித்து மனக்குறை தெரிவித்திருந்தது. மணிலா அடங்கிற்று, சான்பிரான்சிசுகோ அடங்கவில்லை. கடன் வாங்கும் நிலையில் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வேற்றுமையும் இதில் இருக்கலாம்.

இனி, தமிழ்மன்றத்தில் இதைப் பேசுவதற்கு உரிய கரணியத்துக்கு வருகிறேன். அப்பெண்களுக்குச் சப்பானியப் படை வைத்த பெயர் 'இயான்பு'. 'இயான்' என்றால் ஆற்றுதல், தேற்றுதல். 'பு' என்றால் பெண். ஆங்கிலத்தார் அதை அப்படியே பெயர்த்தனர். நம் நாளிதழ்கள் ஆங்கிலத்தைப் பெயர்த்து, 'ஆறுதல் பெண்கள்', 'ஆறுதல் மகளிர்' என எழுதுகின்றன. யாருக்கு ஆறுதல்? பிடித்தவனுக்கு ஆறுதல், பிடிபட்டவளுக்கு அன்று. அச்சொல்லைச் செய்தவன் கொடியவன். நாம் அவன் கண்ணால் அப்பெண்ணைப் பார்த்து, அவன் நாவால் அவளை அழைக்கிறோம். சான்பிரான்சிசுகோக் கல்வெட்டு அப்பெயரைச் சொல்லுமிடத்திலேயே, அது கொடுமையை மறைக்கும் பூச்சுச்சொல் என்றும் சேர்த்துக் குறித்துள்ளது. ஆங்கிலக் கல்லுக்கு இருக்கும் விழிப்பு தமிழ் நாளிதழுக்கு இல்லை.

இத்தகைய பூச்சை நாமும் பட்டறிந்திருக்கிறோம். அதே படை 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பருமாவுக்கும் இடையே காட்டை வெட்டிப் புகைவண்டிப் பாதை போட்டது. மலையாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கே வாந்திபேதியிலும் பசியிலும் மாண்டனர். அவ்வாறு கொண்டுபோகப்பட்ட ஆசியரை அப்படை அழைத்த பெயர் 'உரோமுசா'. பொருள் என்ன தெரியுமா? உழைப்பாளி! அவ்வளவே. கூலியும் இன்றி, மீளும் வழியும் இன்றி மாண்டவன் உழைப்பாளி. கதவுக்கு வெளியே காவல் நிற்க உள்ளே அழுதவள் ஆறுதல் மகள்.

அப்படியாயின் தமிழில் அவர்களை எப்பெயரால் அழைப்பது? நான் பல நாள் தேடினேன். பட்டினப்பாலையில் 'கொண்டி மகளிர்' என்றொரு தொடர் உண்டு. கொண்டி என்பது கொள்ளைப்பொருள். பகைவர் நாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொணர்ந்த மகளிர் என்று நச்சினார்க்கினியர் பொருள் கொள்வார். அவர்கள் அம்பலத்தில் மாலைதோறும் விளக்கேற்றுகின்றனர். அத்தொடரைக் கண்டவுடன் துள்ளினேன். பிறகு தலைகுனிந்தேன். நாம் பாடிப் பாடி மகிழும் பழம்பாட்டில் விளக்கேற்றிய பெண்ணும் எவன் வீட்டிலிருந்தோ பற்றிக்கொண்டு வரப்பட்டவள்! இதனை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஒசாகாவை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன் நம் ஏட்டையும் புரட்ட வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அதே பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சியிலும் 'கொண்டி மகளிர்' வருகின்றனர். அங்கே பொருள் வேறு. ஆடவர் பொருளைக் கொள்ளை கொள்ளும் பரத்தையர் அவர்கள். பட்டினப்பாலையில் கொள்ளையிடப்பட்டவள், மதுரைக்காஞ்சியில் கொள்ளையிடுபவள் ஆகிவிட்டாள். சொல் ஒன்றே, குற்றம் கைமாறிவிட்டது. விரும்பித்தான் போனார்கள், கூலி பெற்றார்கள் என்று அம்மூதாட்டியரைப் பார்த்து இன்றும் சிலர் சொல்லுகின்றனரே, அதுவும் இக்கைமாற்றம்தான்.

ஆகையால் 'கொண்டி மகளிர்' என்பதைப் பட்டினப்பாலைப் பொருளில், விளக்கத்தோடு ஆளலாம் என்பது என் எண்ணம். 'படைச்சிறை மகளிர்' என்றும் ஒரு தொடர் தோன்றுகிறது. அது எளிது, எவர்க்கும் விளங்கும், ஆனால் போரில் ஆயுதம் ஏந்திச் சிறைப்பட்ட பெண்களையும் குறித்துவிடக் கூடும். 'ஆறுதல் மகளிர்' மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒசாகா இளைஞர் ஓரியே கெனிச்சியைப் பற்றிச் சொன்னேன் அன்றோ? 2022இல், 83 வயது முதியவராக, அவர் மீண்டும் தனியே பாய் விரித்தார். இம்முறை சான்பிரான்சிசுகோவிலிருந்து சப்பானுக்கு. மார்ச்சுத் திங்களிற் புறப்பட்டு சூன் தொடக்கத்தில் தாயகக் கடலைச் சேர்ந்தார். உறவு முறிந்து மூன்றாண்டு கழிந்தும் அத்துறைமுகம் அவரை அன்போடுதான் வழியனுப்பிற்று. சிலையும் அங்கேயே நிற்கிறது. கன்ரின் மாருக் கல்லும் அங்கேயே நிற்கிறது.

என் மாணவி விடமாட்டாள். "இப்போது ஒசாகா அக்காளா இல்லையா, ஐயா?" என்று கேட்டுவிட்டாள். "கோபித்துக்கொண்டு போன அக்காள்" என்றேன். ஏட்டில் அப்படியே எழுதிக்கொண்டாள். தேர்வில் எழுதாமலிருக்க வேண்டும்.

நான் சொன்ன இரு தொடர்களினும் பொருந்திய சொல் உங்களுட் சிலர்க்குத் தோன்றலாம். தோன்றினால் ஓர் அஞ்சலட்டையில் எழுதி மன்றத்துக்கு விடுங்கள். அடுத்த கூட்டத்தில் வைத்து ஆய்வோம்.